தேரி மணலைக் கொடியில் காயப்போடுவது எப்படி: எண்ணெய் வண்ணத்தில் ஒரு சர்ரியலிச நிலக்காட்சி

சால்வடார் டாலியின் உருகி வழியும் கடிகாரங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. 1931இல் அவர் வரைந்த அந்த ஓவியம் 24 × 33 செ.மீ. அளவுதான், ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரிது. அதைவிட முக்கியமான சங்கதி, அதில் கடிகாரங்கள் கடைசியாக வந்தவை என்பது. கட்டலோனியக் கரையில் தான் வாழ்ந்த போர்ட் லிகாட்டின் பாறைகளையும் அந்தி வெளிச்சத்தையும் இலையில்லாத ஆலிவ் மரத்தையும் முதலில் வரைந்து வைத்துவிட்டு, இந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று தெரியாமல் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் இளகிக் கிடந்த பாலாடைக்கட்டியைப் பார்த்த பிறகுதான் கடிகாரங்கள் பிறந்தன.

இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகும். முதலில் நிலம், பிறகு விநோதம். சர்ரியலிச ஓவியம், அதாவது கனவுபோல் இயல்பை மீறும் ஓவியம், என்றதும் பறக்கும் மீன், வானத்தில் கண், பாலைவனத்தில் தனிக்கதவு என்று ஒரே கேன்வாஸில் பத்து அதிசயங்களை அடுக்கத் தோன்றும். பத்து அதிசயம் இருக்கும் இடத்தில் எதுவுமே அதிசயமாகத் தெரியாது. ஒளி, நிழல், தொலைவு எல்லாம் ஒழுங்காக இருக்கிற இடத்தில் ஒரே ஒரு விதி மட்டும் உடைந்தால்தான் பார்ப்பவர் நின்று பார்ப்பார். பெல்ஜியத்தின் ரெனே மக்ரீத் 1949 முதல் திரும்பத் திரும்ப வரைந்த 'ஒளியின் பேரரசு' ஓவியங்களைப் பாருங்கள். கீழே இரவு, தெருவிளக்கு எரிகிறது. மேலே நண்பகல் வானம். அவ்வளவுதான். மரமும் வீடும் சன்னலும் அப்படியே சாதாரணமாக இருக்கின்றன.

எந்த நிலம், எந்த விதி?

டாலி தன் கடற்கரையை வரைந்தார். நீங்களும் உங்களுக்குத் தெரிந்த நிலத்தை எடுங்கள். பார்க்காத பாலைவனத்தை இணையப் படத்திலிருந்து எடுத்தால் அதன் நிழலின் நிறம்கூட உங்களுக்குத் தெரியாது. இங்கே உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது தேரிக்காடு. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் குதிரைமொழித் தேரிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: கண்ணெட்டும் வரை செம்மணல் மேடு, அங்கங்கே பனை, மேலே பெரிய வானம். பாதி சர்ரியலிசத்தை நிலமே செய்து வைத்திருக்கிறது. மணல்துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். ஓவியக் கடையில் விற்கும் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு வண்ணத்துக்கு நிறம் கொடுப்பதும் இரும்பு ஆக்சைடுதான். தேரியை வரைய ஏறக்குறைய தேரி மண்ணையே குழைக்கிறீர்கள்.

அடுத்தது கருத்து. ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் பாரிஸில் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டபோது, அறிவின் கண்காணிப்பு இல்லாமல் மனம் தானாக ஓடுவதைத்தான் முன்வைத்தார். அதைக் கனவு வரும்வரை காத்திருப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பிடித்த வழி வாக்கியம் எழுதுவது. அந்த நிலத்தில் சாதாரணமாக நடப்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக வேகமாக எழுதுங்கள். 'ஆடு நிழலில் படுத்திருக்கிறது.' 'பனையில் ஏணி சாய்ந்திருக்கிறது.' 'கொடியில் துணி காய்கிறது.' பிறகு யோசிக்காமல் சொற்களை இடம் மாற்றுங்கள். 'நிழல் ஆட்டில் படுத்திருக்கிறது.' 'ஏணியில் பனை சாய்ந்திருக்கிறது.' 'கொடியில் மணல் காய்கிறது.' முக்கால்வாசி குப்பையாக வரும். ஏதோ ஒன்று மனசில் ஒட்டும், ஏன் என்று சொல்லத் தெரியாது. அதுதான் வேண்டும்.

கடைசி வாக்கியத்தை வைத்துக்கொள்வோம். இரண்டு பனைகளுக்கு நடுவே கயிறு. தரையில் கிடக்கும் செம்மணல் பரப்பு அப்படியே சேலைபோல் எழுந்து அந்தக் கயிற்றில் தொங்குகிறது. நிலம் துணியாகிவிட்டது என்பது மட்டுமே இந்தப் படத்தில் உடையும் விதி. 'மணலைத் தூக்கினால் அடியில் கடல் தெரியட்டுமே' என்று கை பரபரக்கும். வேண்டாம், அது அடுத்த படம்.

வாங்க வேண்டியவை

கேன்வாஸ் 30 × 40 செ.மீ. போதும். கடையில் கிடைக்கும் தயார் கேன்வாஸின் நெசவு சற்று முரடாக இருக்கும். இந்த வகை ஓவியத்துக்கு வழுவழுப்பு வேண்டும் என்பதால், அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு பூச்சு கூடுதலாக அடித்து, காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

வண்ணங்கள்: டைட்டானியம் வெள்ளை (பெரிய குழாய்), அல்ட்ராமரீன் நீலம், செருலியன் நீலம், மஞ்சள் ஓக்கர், காட்மியம் மஞ்சள், காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், பர்ன்ட் சியென்னா, பர்ன்ட் அம்பர். கறுப்பு வேண்டாம். கேம்லின் போன்ற மாணவர் தர வண்ணங்களில் தொடங்கினால் போதும். குழாயில் வண்ணப் பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று இருந்தால் அசல் நிறமிக்குப் பதில் மாற்று நிறமி என்று பொருள். பயிற்சிக்கு அதுவும் சரிதான்.

தூரிகையில் பன்றிமயிர் தட்டை இரண்டு (4, 8), மென்மையான சிந்தெடிக் வட்டம் இரண்டு (0, 3), வானத்தைக் கலக்கிவிட அகலமான மென்தூரிகை ஒன்று. அந்தக் கடைசி ஒன்றில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மற்றபடி ஒரு பேலட் கத்தி, ஓவியர்களுக்கான ஆளி விதை எண்ணெய், ஓவியர்களுக்கான டர்பன்டைன். சமையலுக்கு விற்கும் ஆளி விதை எண்ணெய் சரியாக உலரும் என்று சொல்ல முடியாது. பெயிண்ட் கடையில் கேனில் விற்கும் டர்பன்டைனைத் தூரிகை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானாகத் தீப்பிடிக்கலாம். எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் உண்டாகிறது, கசங்கிய துணிக்குள் அது வெளியேற வழியில்லை. அதனால் துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். சன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் காட்மியத்தைத் தொடும் முன் அதை விட்டுவிடுங்கள்.

தொடுவானம் ஓர் அளவுகோல்

பென்சிலை எடுக்கும் முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள். பாதிப் படம் இங்கேதான் முடிவாகிறது.

சமதரையில் நின்று பார்க்கும்போது தொடுவானம் எப்போதும் நம் கண்மட்டத்தில் இருக்கும். உங்கள் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே தரையில் நிற்கும் எந்தப் பொருளானாலும், அது அருகே இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், அதன் அடியிலிருந்து தொடுவானக் கோடு வரையுள்ள பகுதி ஒன்றரை மீட்டர்தான். இதை வைத்து எதன் உயரத்தையும் கணக்கிடலாம், எதையும் ராட்சத உருவமாக்கலாம். ஒரு நாற்காலியை அடியிலிருந்து அதன் கால்வாசி உயரத்தில் தொடுவானம் வெட்டினால் அது ஆறு மீட்டர் நாற்காலி. பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் கண் தானாகப் போட்டுக்கொள்ளும்.

நம் கேன்வாஸில் அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் தொடுவானம். இடது ஓரத்திலிருந்து 9 செ.மீ. தள்ளி ஒரு பனை, 31 செ.மீ. தள்ளி இன்னொன்று. இரண்டின் அடியும் தொடுவானத்துக்கு ஒன்றரை செ.மீ. கீழே. அப்படியானால் அந்தத் தொலைவில் 1 செ.மீ. என்பது 1 மீட்டர். 15 மீட்டர் பனை 15 செ.மீ. உயரம் வரும். ஒரே உயரத்தில் இரண்டு பனை பார்க்க நன்றாக இருக்காது, ஒன்றைக் குறைத்து லேசாகச் சாய்த்துவிடுங்கள். கயிற்றைப் பனையின் அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் கட்டி, நடுவில் தொய்யவிடுங்கள். அதாவது ஆறு மீட்டர் உயரத்துக்கு நிலம் எழுந்து தொங்குகிறது, அதன் பின்னால் தொடுவானமே மறைந்துபோகிறது. இந்த மறைப்பை விட்டுவிடாதீர்கள், இதில்தான் அதன் பிரம்மாண்டம் இருக்கிறது.

வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, நமக்குச் சற்றுப் பின்னாலிருந்து வரட்டும். சூரியன் 30 பாகை உயரத்தில் இருந்தால் நிழல் பொருளைப்போல 1.7 மடங்கு நீளும், 15 பாகைக்கு இறங்கினால் 3.7 மடங்கு. நமக்கு 30 போதும். நிழல்கள் எல்லாம் வலப்புறமாகச் சற்று உள்வாங்கி, தொடுவானத்தில் படத்துக்கு வெளியே உள்ள ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். மேசையில் ஒட்டுநாடாவால் அந்தப் புள்ளியைக் குறித்து, அங்கிருந்து நூல் பிடித்துக் கோடு போடுங்கள். ஜியார்ஜியோ டி சிரிக்கோ 1914இல் வரைந்த தெருக்காட்சிகளில் ஒவ்வொரு கட்டடமும் வேறு வேறு புள்ளிக்கு ஓடும், நெஞ்சில் ஒரு கலக்கம் வரும். அது அவர் உடைத்த விதி. நாம் ஒன்றை ஏற்கெனவே உடைத்துவிட்டதால் நிழலில் நேர்மையாக இருப்போம்.

முதல் பூச்சு

வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாக இறங்காதீர்கள். மஞ்சள் ஓக்கரில் துளி பர்ன்ட் அம்பர் சேர்த்து, டர்பன்டைன் விட்டு இளக்கி, பூசித் துணியால் துடையுங்கள். வெளுத்த தேன்நிறம் வந்தால் போதும். காய்ந்ததும் இளக்கிய பர்ன்ட் அம்பரால் கோட்டுருவத்தையும் நிழல் பகுதிகளையும் போடுங்கள். அம்பர் எண்ணெய் வண்ணங்களிலேயே சீக்கிரம் உலர்வது, பெரும்பாலும் ஓரிரு நாளில். அதிலுள்ள மாங்கனீசுதான் காரணம்.

எண்ணெய் வண்ணத்தின் அடிப்படை விதி இங்கே தொடங்குகிறது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருக்க வேண்டும். வாட்டர் கலர்போல் இது தண்ணீர் ஆவியாகி உலர்வதல்ல. எண்ணெய் ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. எண்ணெய் நிறைந்த அடுக்கு கீழே இருந்தால், மேலடுக்கு உலர்ந்த பிறகும் அது அசைந்துகொண்டே இருக்கும், மேலடுக்கு வெடித்துவிடும். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும், அடுத்ததற்கு ஒரு பங்கு எண்ணெய்க்கு இரண்டு பங்கு டர்பன்டைன், கடைசிக்குச் சரிபாதி. இதற்குமேல் எண்ணெய் சேர்த்தால் படம் நாளடைவில் மஞ்சள் பாயும்.

வானம்

வானத்தை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். பேலட்டில் (வண்ணம் கலக்கும் பலகையில்) முதலில் நான்கு குவியல் கலந்து வையுங்கள். மேல்வானத்துக்கு அல்ட்ராமரீன், வெள்ளை, துளி பர்ன்ட் சியென்னா. அந்தத் துளி இல்லாவிட்டால் நீலம் பிளாஸ்டிக் வாளிபோல் மினுங்கும். அதற்கடுத்து செருலியனும் வெள்ளையும். தொடுவானத்தை ஒட்டி வெள்ளையில் கொஞ்சம் ஓக்கர். இப்போது ஒரு சிக்கல்: நீலமும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் பச்சை வந்துவிடும். அதற்குத்தான் நான்காவது குவியல், வெள்ளையில் அலிசரின் ஒரு துளி விட்ட சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. அதை இரண்டுக்கும் நடுவே வையுங்கள், பச்சை தலைகாட்டாது.

கீழிருந்து மேலே பூசுங்கள், வெளிர்நிறத்தில் நீலம் கலந்து அழுக்காகாமல் இருக்கும். பட்டைகளாகப் போட்டபின் ஒவ்வொரு சந்திப்பிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கீற்றுகள் இழுங்கள். கடைசியில் உலர்ந்த அகலத் தூரிகையால், எடையே இல்லாமல், கிடைமட்டமாக வருடுங்கள். நான்கு இழுப்புக்கு ஒருமுறை தூரிகையைத் துணியில் துடைக்க வேண்டும். மேகம் போட வேண்டாம்.

மண்

சிவப்பு மண்ணில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெளிச்சம் விழும் பகுதியைக் காட்ட வெள்ளை சேர்ப்பார்கள், மண் ரோஸ்பவுடர் ஆகிவிடும். பர்ன்ட் சியென்னாவை வெளுக்க ஓக்கரையும் காட்மியம் மஞ்சளையும் பயன்படுத்துங்கள். வெள்ளை கடைசியில், தூரிகை நுனியில் மட்டும். தொலைவில் போகப்போக வானத்தின் கீழ்ப்பட்டைக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் மண் தானாகப் பின்வாங்கும். நிழலுக்கு பர்ன்ட் சியென்னாவோடு அல்ட்ராமரீன். திறந்த வெளியில் நிழலுக்குள்ளும் வானத்தின் நீலம் விழுகிறது என்பதால் செம்மண் நிழல் ஊதாச்சாயல் அடிக்கும். மாலை நாலரை மணிக்குத் தேரியில் நின்று பாருங்கள், அல்லது உங்கள் ஊர்ச் செங்கல்சூளை ஓரத்தில்.

காற்று மணலில் போடும் அலைவரிகளை இந்தக் கட்டத்தில் லேசாகக் கோடிடுங்கள். முன்னால் இடைவெளி அதிகம், பின்னால் நெருக்கம். இவற்றை இரண்டு பனைகளுக்கு நடுவே மேல்நோக்கி வளையும்படி இப்போதே போட்டுவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பனைகளையும் சேர்த்து முடித்தபின் ஒரு வாரம் கேன்வாஸைத் தொடாதீர்கள். டைட்டானியம் வெள்ளை மெதுவாகவே உலரும், மழைக்காலத்தில் இன்னும் தாமதம். இருட்டறையில் பூட்டி வைக்காமல் வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும்.

மணல் துணியாகும் இடம்

வீட்டில் ஒரு பழைய காவி வேட்டியை மாலை வெயிலில் கொடியில் போட்டு, அடிப்பாகம் தரையில் புரளும்படி விடுங்கள். அரை மணிநேரம் பென்சிலால் வரையுங்கள். போட்டோவைவிட இது உதவும். கட்டிய முனைகளிலிருந்து மடிப்புகள் விசிறிபோல் பிரியும். நடுவில் தொய்வு இருப்பதால் வளைந்து வளைந்து ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். தரையைத் தொடும் இடத்தில் மடிப்பு உடைந்து படுக்கும்.

துணி தனியாக, மண் தனியாகத் தெரிந்தால் படம் தோற்றது. தரையில் வரைந்த அலைவரிகளில் சிலவற்றை அறுக்காமல் மேலே இழுத்து, அவையே மடிப்பாக மாறும்படி செய்யுங்கள். எந்த வரி மணல், எந்த வரி மடிப்பு என்று நீங்களே சொல்ல முடியாதபடி மூன்று செ.மீ. பகுதி ஒன்று இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் மேலே போகப்போக மணல் சொரசொரப்பை நிறுத்துங்கள், விளிம்புகளை மென்மையாக்குங்கள். கயிற்றருகே வரும்போது அது முழுத்துணி. ஆனால் நிறம் மட்டும் கடைசிவரை மண்ணின் நிறம்தான், சேலைப் பளபளப்பு வரக்கூடாது.

ஒவ்வொரு மடிப்பிலும் ஒளிப்பக்கம், திரும்பும் இடம், நிழல், நிழலுக்குள் அடுத்த மடிப்பிலிருந்து தெறிக்கும் செவ்வொளி என நான்கு நிறம் போதும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள், அது இல்லாவிட்டால் மடிப்புக்கு உள்ளிடம் கிடைக்காது. துணியின் இரு ஓரமும் பனையை ஒட்டி ஒதுங்கும் சந்தில் பின்பக்க இருட்டு கொஞ்சம் தெரியும். அங்கே பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும், வேறெதுவும் வேண்டாம்.

தொங்கும் துணி ஒரு நிலக்காட்சியை எவ்வளவு கனக்க வைக்கும் என்பதற்கு அமெரிக்க ஓவியர் கே சேஜ் 1955இல் வரைந்த 'நாளை என்றும் இல்லை' நல்ல பாடம். பனிமூட்டத்தில் சாரக்கட்டுகள், அவற்றுக்குள் சிக்கிய துணி மடிப்புகள், நிறம் கிட்டத்தட்ட சாம்பல் மட்டுமே. டாலி அளவுக்கு அவர் பெயர் பரவாதது எனக்கு இன்றும் வருத்தம்.

மெருகு

வரைந்த துணிப்பகுதி உலர மறுபடி ஒரு வாரம். சில இடங்களில் வண்ணம் பளபளப்பிழந்து உள்வாங்கியிருக்கும். அங்கே துணியில் தொட்ட ஆளி விதை எண்ணெயை மிக மெல்லத் தேய்த்து, உடனே துடைத்துவிடுங்கள், நிறம் திரும்பிவரும். பிறகு நிழல்களின் மேல் கிளேஸ்: அலிசரினில் அல்ட்ராமரீன் துளி, சரிபாதி எண்ணெய்-டர்பன்டைன், கண்ணாடிபோல் மெல்லிய பூச்சு. கீழே உள்ள நிறம் தெரிய வேண்டும். நிழல் ஆழமாகும், மேலே எதையோ பூசியதாகத் தெரியாது.

கடைசியாகக் கயிறும் முடிச்சும். துணிக் கிளிப் இரண்டு போடலாமா? போடலாம், பிளாஸ்டிக் பச்சையில்கூட. அன்றாடத்தின் அற்பமான பொருள் இருந்தால் மொத்தப் படமும் நம்பும்படியாகிறது. ஆனால் ஒரு கிளிப் மூன்று மி.மீட்டருக்கு மேல் போகக்கூடாது. நம் அளவுகோலில் அதுவே 30 செ.மீ. கிளிப்.

இப்போது சோதனை. உள்ளங்கையால் தொங்கும் நிலத்தை மறையுங்கள். மீதியுள்ளது சாதாரணத் தேரிக் காட்சியாக, சலிப்பூட்டும் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழுது நிலத்தில் இருக்கிறது, விநோதத்தைத் திருத்திப் பயனில்லை. கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால் சாய்ந்த தொடுவானமும் தவறிய நிழலும் உடனே காட்டிக்கொடுக்கும்.

திட்டம் போட்டு வரைவது ஒத்துவராதவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் டாலி, மக்ரீத் வழி. மாக்ஸ் எர்ன்ஸ்ட் வேறு வழிக்காரர். 'மழைக்குப் பின் ஐரோப்பா' என்ற ஓவியத்தை 1940-42 போர்க்காலத்தில் பிரான்ஸில் தொடங்கி அமெரிக்காவில் முடித்தார். அதில் பாசிபடிந்த பாறைபோல் சிதைந்து நிற்கும் உருவங்களுக்குக் கரு, ஈர வண்ணத்தின் மேல் எதையாவது அழுத்திப் பிரித்தெடுத்தபோது கிடைத்த தடங்கள். நீங்களும் செய்யலாம். இளக்கிய பர்ன்ட் அம்பரையும் பச்சையையும் பலகையில் தாராளமாகப் பூசி, மேலே பாலிதீன் தாளைப் போட்டு அழுத்தி, ஒரு மூலையிலிருந்து சரேலென உரியுங்கள். கிளை கிளையாக, பவளம்போல் தடம் விழும். உலர்ந்ததும் பலகையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எங்கே முகம், எங்கே குன்று என்று பிடிபட்டதும், வானத்தை மட்டும் தட்டையாகப் பூசி உருவங்களின் வெளிவரம்பை வெட்டியெடுங்கள். அந்த ஒரு வானம்தான் கறைகளை நிலக்காட்சியாக்கும். இதிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

வார்னிஷ்

எந்த வழியில் வரைந்தாலும் குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் வார்னிஷ். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் உள்ளே உலர்ந்துவிட்டது என்று பொருளில்லை. அதுவரை தூசி விழாமல் சுவரில் சற்று முன்சாய்த்து மாட்டி வையுங்கள், கண்ணாடி போட வேண்டாம், காற்று பட வேண்டும். அவசரமாக ஒரு கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், தொடும்போது முழுதாக உலர்ந்திருக்கும் பட்சத்தில் ரீடச்சிங் வார்னிஷ் மெல்லியதாக ஒரு பூச்சு அடிக்கலாம். அதன் வழியே காற்று போகும், நிஜ வார்னிஷைப் பிறகு அதன் மேலேயே பூசிக்கொள்ளலாம்.